நீ கையெழுத்துப் போடாதது சரிதான்

சிகாகோ

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று மாசமாச்சு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேத்தி நடக்கிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் தங்கச்சி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அண்ணாச்சி கடையில் அந்த ரெண்டாவது டீக் கணக்கு இன்னும் உன் பேரில்தான் நிற்கிறது, மறந்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் என்னை ஃபாரஸ்ட் பார்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். நம் மே தினத் தியாகிகள் படுத்திருக்கும் இடமடா! அங்கே இருக்கும் சிலையில், முக்காடு போட்ட ஒரு பெண், சாய்ந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் இலைக் கிரீடம் வைக்கிறாள். அங்கே பதித்திருக்கும் வெண்கலப் பட்டயத்தில் ஒரு கவர்னரின் வார்த்தைகள். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொடங்கிவைத்த மே தினத்தை வருஷா வருஷம் கொண்டாடினோமே, இந்த மனுஷன் பேரை யாராவது நமக்குச் சொன்னார்களா?

ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். 1847-ல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக ஒஹையோவுக்கு வந்தவர். பதினாறு வயதில் உள்நாட்டுப் போருக்குப் போய், ரயில்பாதையில் கூலி வேலை பார்த்து, வாத்தியாராகி, வக்கீலாகி, நீதிபதியாகி, 1892 தேர்தலில் இல்லினாய் கவர்னரானார். அங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, ஜனங்கள் ஓட்டுப்போட்டு வருபவர்.

1886 மே 4-ல் சிகாகோ ஹேமார்க்கெட்டில் தொழிலாளர் கூட்டத்தில் போலீஸ்மேல் குண்டு விழுந்த வழக்கு உனக்குத் தெரியும். தொழிலாளர் தலைவர்கள்மேல் பழி போட்டு, நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஃபீல்டன், ஷ்வாப், நீபே மூவரும் சிறையில் இருந்தார்கள். ‘குற்றவாளிகள் என்றே வைத்துக்கொண்டாலும் பட்டது போதும், கருணை காட்டுங்கள்’ என்று ஊர்ப் பெரியவர்களே மனுக் கொடுத்தார்கள். ஆல்ட்கெல்ட் அந்த ஒரு வரியை எழுதி விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ வழக்குக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தார். குலுக்கலில் எடுக்க வேண்டிய ஜூரிகளைத் தனி அமீனா ஒருவன் பொறுக்கி எடுத்திருக்கிறான், ‘இவர்கள் தொங்குவது நிச்சயம்’ என்று வெளியே பேசியும் இருக்கிறான். குண்டு போட்டது யார் என்றே நிரூபிக்கவில்லை. நீதிபதி ஒருதலைப்பட்சம். முறையாக விசாரித்துக் குற்றம் நிரூபணமாகியிருந்தால் தலையிடவே மாட்டேன் என்று எழுதிவிட்டு, இது விசாரணையே இல்லை என்று பக்கம் பக்கமாகக் காட்டி, 1893 ஜூன் 26-ல் விடுவித்தார்.

பத்திரிகைகள் பிய்த்து எடுத்துவிட்டன. அடுத்த வருஷம் புல்மன் ரயில் தொழிலாளர் ஸ்டிரைக்கில், தன்னைக் கேட்காமல் பட்டாளத்தை அனுப்பியதற்காக ஜனாதிபதி கிளீவ்லண்டையே எதிர்த்து நின்றார். 1896-ல் தோற்றார். ஐம்பத்து நாலு வயதில் போய்ச்சேர்ந்தார்.

நாலு நாளாக எனக்குத் தூக்கமில்லை மாப்ளே. நம்மாட்கள் மூன்று பேரை வேலையைவிட்டு நிறுத்தியபோது, ‘அறியாமல் செய்த பிழையைக் கருணை கூர்ந்து மன்னித்து’ என்று மனு எழுதியது நான். செய்யாத பிழைக்கு மன்னிப்பா என்று நீ பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாய். சோறு முக்கியமா வார்த்தை முக்கியமா என்று வாசல்வரை வந்து கத்தினேன். வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த மனுவைக் காட்டியே கடைசிவரை அவர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அடுத்த மாசம் வருகிறேன். மனுவின் நகல் உன் பீரோவில்தான் இருக்கும், தேடி எடுத்து வை. மூவரில் பெரியவர் மட்டும்தானே இருக்கிறார்? அவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போ. தனியாகப் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை.

உன்,
மாப்ளே