ரங்கூன் மேல பறந்த ப்ளேன்ல சிவப்பு கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு யாங்கோன்ல இருந்து, அதாவது பழைய ரங்கூன்ல இருந்து வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை ஸ்கேல் மாடல், அதாவது நிஜக் கப்பல், விமானத்த அளவு குறைச்சு அச்சு அசலா செய்யிற வேலை பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், தமிழ் பேப்பர்ல இந்த விஷயம் வர்றதே அபூர்வம். ஆனா நடுவுல இருந்த பெரிய படத்தப் பத்தி எழுதாம இருக்க முடியல. சீஃபயர் விமானம், கப்பல்ல இருந்து பறக்குற பிரிட்டிஷ் சண்டை விமானம் அது, வேலைப்பாடு நல்ல சுத்தம், பெயின்ட் எங்கயும் வழியல, செஞ்சவரு கை தேர்ந்தவருன்னு பாத்ததும் தெரியுது. கீழ "1945 மே மாதம் ரங்கூன் மீது பறந்த விமானம்"னு போட்டிருக்கீங்க. அந்த மாடலோட இறக்கையிலயும் உடம்புலயும் இருக்குற வட்டத்துக்கு நடுவுல பளிச்சுன்னு சிவப்பு. அங்கதான் தப்பு. அன்னிக்கு இந்த ஊரு மேல பறந்த பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள்ல அந்த சிவப்பு கிடையாது.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஜப்பான் விமானத்தோட அடையாளமே சிவப்பு வட்டம்தான். ஆகாயத்துல ரெண்டு விமானம் எதிரெதிரா வர்றப்ப யாரு எவருன்னு முடிவு பண்ண ஒரு நொடி கூட கிடைக்காது, கண்ணுல சிவப்பு பட்டா சுட்டுருவாங்க, கீழ கப்பல்ல பீரங்கி பக்கத்துல நிக்கிறவனும் அப்படித்தான். அதனால 1942, 43 வாக்குல இந்தியா, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்கள்ல நடுவுல இருந்த சிவப்ப எடுத்துட்டு கருநீல வளையமும் உள்ள வெள்ளை இல்லாட்டி வெளிர்நீலமும் மட்டும் வச்சாங்க. கப்பல்ல இருந்து பறந்த ஹெல்கேட்ங்கிற சண்டை விமானங்களுக்கு அது போதாதுன்னு இறக்கையிலயும் வால் பக்கமும் வெள்ளைப் பட்டை வேற. எங்க தாத்தா அந்த காலத்துல சிரியம்ல, அதாவது இப்ப தன்லியின்னு சொல்றோமே அங்க இருந்தவரு, சிவப்பு வட்டம் தெரிஞ்சா கேள்வியே கேக்காம பள்ளத்துல குதிச்சிருவோம்னு சொல்லுவாரு, தரையில இருந்த ஜனங்களுக்கும் அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான். அப்படிப்பட்ட சிவப்ப ரங்கூன மீட்க வந்த ப்ளேன்ல ஒட்டி வச்சா அந்த மாடல் எந்த ஊரு கதைய சொல்லுது?

செஞ்சவர குறை சொல்லல. கிட் பெட்டியில, அதாவது பாகங்கள் வர்ற பெட்டியில, கூடவே வர்ற டெக்கால் ஷீட்ல, அதாவது ஒட்டுற அடையாளப் படத் தாள்ல பெரும்பாலும் ஐரோப்பா பக்கத்து அடையாளம்தான் இருக்கும், அத அப்படியே ஒட்டுறது எல்லாரும் பண்றதுதான். ஆனா கீழ ரங்கூன்னு பேரு எழுதணும்னா அந்த டெக்கால பெட்டியிலயே வச்சுட்டு வட்டத்த கையால போடணும். பெரிய கஷ்டம் ஒண்ணும் இல்ல. முதல்ல அந்த இடத்துல வெள்ளை அடிச்சு நல்லா காயவிட்டு, பெயின்ட் படாம மறைக்கிற மாஸ்கிங் டேப்ல, வட்டமா வெட்டுற காம்பஸ் கட்டரால சின்ன வட்டம் வெட்டி நடுவுல ஒட்டிட்டு, அதே டேப்ல பெரிய வட்டத்த ஓட்டையா வெட்டி சுத்தி ஒட்டி, இடையில தெரியிற வளையத்துல மட்டும் கருநீலம் மெல்லிசா ரெண்டு மூணு தடவை அடிச்சா போதும். பெயின்ட் முழுசா இறுகுறதுக்கு முன்னாடியே டேப்ப சாய்வா பிடிச்சு மெதுவா உரிக்கணும், காஞ்சி போனப்புறம் உரிச்சா ஓரம் பிஞ்சிக்கிட்டு வரும். டெக்கால விட இது அழகா உக்காரும், விளிம்புல பிலிம் தெரியாது.

அந்த மே மாசம் என்ன நடந்துச்சுன்னு உங்க பக்கத்துல ஒரு வரி கூட இல்ல, அதையும் சொல்லிடுறேன், ஏன்னா இத தெரிஞ்சாதான் மாடல் சரியா வரும். ஆபரேஷன் டிராகுலான்னு பேரு. 1945 மே 1ஆம் தேதி ஆத்து முகத்துல எலிஃபன்ட் பாயின்ட்ல கூர்க்கா பாராசூட் வீரர்கள் குதிச்சாங்க, மறுநாள் 2ஆம் தேதி கடல் வழியா படை இறங்குச்சு. ஜப்பான்காரங்க அதுக்கு முன்னாடியே ஊர விட்டுப் போயிட்டாங்க. ரங்கூன் ஜெயில்ல இருந்த கைதிங்க கூரை மேல பெரிய பெரிய எழுத்துல ஜப்பான்காரன் போயாச்சுன்னு எழுதி வச்சாங்க, மேல பறக்கிறவனுக்குத் தெரியணுமே. ஆகாயப் பாதுகாப்புக்கு நாலு சின்ன விமானம் தாங்கிக் கப்பல் வந்துச்சு: ஹன்டர், ஸ்டாக்கர் ரெண்டுலயும் சீஃபயர், எம்பரர், கெதிவ் ரெண்டுலயும் ஹெல்கேட். நாலுமே அமெரிக்காவுல கட்டி லெண்ட் லீஸ்ங்கிற போர்க்கால உதவித் திட்டத்துல பிரிட்டனுக்குக் கொடுத்தது. அதனால யாராவது ஹன்டர் மாதிரி கப்பல் பண்ணணும்னு நினைச்சா தமியா கம்பெனி 1/700ல, அதாவது நிஜத்துல எழுநூத்துல ஒரு பங்கு அளவுல போடுற 'போக்'ங்கிற கப்பலோட கிட் பெட்டிய அடிப்படையா வச்சு ஆரம்பிக்கலாம், ஆனா அது அமெரிக்க கப்பல், பிரிட்டிஷ்காரங்க அவங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்தினது நிறைய, போட்டோவ பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாக்கணும்.

நான் முக்கியமா சொல்ல வர்றது இதுதான்: போர்க்கப்பலுக்கு ஒரே ஒரு உருவம்னு ஒண்ணு கிடையாது. எந்த வருஷம், எந்த மாசம், எந்தக் கடல்னு முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் கத்தியவே கையில எடுக்கணும்.

பிரெஞ்சு போர்க்கப்பல் ரிஷெலியூவ எடுத்துக்கோங்க. டிராகுலா நேரத்துல இந்த வங்காள விரிகுடாவுலதான் பிரிட்டிஷ் போர்க்கப்பல் குயின் எலிசபெத்தோட சேந்து சுத்திக்கிட்டு இருந்துச்சு, அந்தமான் நிக்கோபார் பக்கம் குண்டு போட்டது இந்தக் கூட்டம்தான். முன்பக்கம் ரெண்டு கோபுரத்துல எட்டு பெரிய பீரங்கி, பாக்கவே கம்பீரமா இருக்கும், மாடல் பண்றவங்க எல்லாருக்கும் பிடிச்ச கப்பல். 1940ல அதோட பின்பக்கம் கடல் விமானம் வைக்க ஹேங்கர், தூக்கி எறியிற கேட்டபுல்ட், கிரேன் எல்லாம் இருந்துச்சு. அந்த வருஷம் மேற்கு ஆப்பிரிக்காவுல டக்கார்ல சண்டை போட்டப்ப சொந்த பீரங்கிக் குழலே வெடிச்சு சேதம். 1943ல நியூயார்க் கொண்டு போய் ரிப்பேர் பண்ணப்ப ஹேங்கரையும் கேட்டபுல்டையும் கழட்டி எறிஞ்சுட்டு அந்த இடமெல்லாம் விமான எதிர்ப்பு பீரங்கியா நிரப்பிட்டாங்க, 40 மில்லிமீட்டர் போஃபோர்ஸ் மட்டும் 56 குழல். இப்ப 1940 உருவத்துக்கான கிட் பெட்டிய வாங்கி பின்னாடி அழகா ரெண்டு கடல் விமானத்த நிறுத்தி "வங்காள விரிகுடாவில் ரிஷெலியூ"ன்னு பலகை வச்சா, பாக்குறவங்களுக்கு என்ன தெரியும், நம்பிட்டுப் போவாங்க. அதான் எனக்கு வருத்தம்.

அதே மாதிரி, இன்னும் நமக்குக் கிட்ட இருக்குற ஒண்ணு. ராயல் இந்தியன் நேவியோட, அதாவது வெள்ளைக்காரன் காலத்து இந்தியக் கடற்படையோட ஸ்லூப்ங்கிற சின்ன போர்க்கப்பல்ங்க. உங்க பக்கத்துல இதப் பத்தி ஒரு வார்த்தை இல்லாதது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. நர்பதா, ஜம்னா, கிஸ்ட்னா, கோதாவரி, காவேரி, சட்லஜ்னு எல்லாம் ஆத்துப் பேரு, பிளாக் ஸ்வான் வகை, நீளம் முன்னூறு அடிக்கு அரை அடி கம்மி, ரெட்டைக் குழல் 4 அங்குல பீரங்கி மூணு, முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணு. 1945 ஜனவரியில அரக்கான் கரையில மியேபோன், காங்காவ் சண்டையில நர்பதாவும் ஜம்னாவும் குண்டு போட்டுச்சு, ராம்ரீ தீவுல படை இறங்குனப்ப கிஸ்ட்னா நின்னுச்சு. போர் சமயத்துல அந்தக் கடற்படைக்கு தென்னிந்தியாவுல இருந்து நிறைய பேரு சேந்தாங்க, நம்ம ஆளுங்க. காவேரின்னு பேரு எழுதின கப்பல் ஸ்காட்லாண்டுல 'யாரோ'ங்கிற பேருள்ள கம்பெனி கட்டி 1943ல தண்ணியில இறக்கி, சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியக் கடற்படையிலயும் ரொம்ப வருஷம் ஓடுச்சு. இத்தனை இருந்தும் கடையில ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் இருக்கும், ஜப்பான் போர்க்கப்பல் யமாட்டோ இருக்கும், நம்ம காவேரி இருக்காது. பண்ணணும்னா பிளாஸ்டிக் ஷீட் வாங்கி ஸ்க்ராட்ச்சா, அதாவது கிட் இல்லாம எல்லாத்தையும் நாமளே வெட்டிக் கட்டணும், இல்ல அதே வகை பிரிட்டிஷ் ஸ்லூப் கிட் எங்கயாவது கிடைச்சா அத மாத்தணும்.

மாத்துறப்ப கவனம் தேவை. நர்பதாவும் ஜம்னாவும் ஒரே சண்டையில பக்கத்துப் பக்கத்துல நின்னாலும் ஒரே கப்பல் இல்ல. ஜம்னா முதல் ரகம், நர்பதா திருத்தி அகலப்படுத்தின ரகம், ஒரு அடி அகலம் கூட. 1/350 அளவுல அந்த ஒரு அடி ஒரு மில்லிமீட்டர் கூட வராது, முக்கா மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஒரு மில்லிமீட்டருக்காகவான்னு கேப்பாங்க. ஆமா, அதுக்காகத்தான். மேல்தளத்த அந்த அகலத்துக்கு வெட்டினாத்தான் கப்பல ஓட்டுறவங்க நிக்கிற பாலம், பீரங்கி மேடை, ரெண்டு பக்கமும் ஆளு நடக்குற வழி எல்லாம் அதது இடத்துல உக்காரும், இல்லாட்டி எங்கயோ ஒரு இடத்துல இடிக்கும், அப்ப சும்மா தேய்ச்சு சமாளிக்கத் தோணும், சமாளிக்க ஆரம்பிச்சா அது நர்பதாவும் இல்ல ஜம்னாவும் இல்ல. லண்டன்ல இருக்குற கிரீனிச் கடல் மியூசியத்துல அட்மிரால்டி, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையோட வரைபடங்கள் பத்திரமா இருக்கு, கப்பல் கட்டி முடிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு வரைஞ்சதும் அதுல உண்டு. இம்பீரியல் வார் மியூசியத்துல போட்டோ இருக்கு. வரைபடம், போட்டோ ரெண்டும் சேந்தாதான் பலம், ஏன்னா வரைபடம் கட்டின நாள சொல்லும், போட்டோ அதுக்கப்புறம் மாத்தினத சொல்லும்.

அரக்கான் கரையில சவுங்குன்னு சொல்ற உப்பங்கழிகளுக்குள்ள போன சின்ன ஃபேர்மைல் படகையும் யாராவது பண்ணணும். மரத்துல கட்டினது, 112 அடி நீளம், 1/350ல பத்து சென்டிமீட்டர் கூட வராது. அதோட விசேஷம், நிஜப் படகே கிட்டாத்தான் வந்துச்சு, பாகம் பாகமா முன்கூட்டியே வெட்டி பல ஊரு யார்டுக்கு அனுப்பி அங்க சேத்துக் கட்டினாங்க.

இங்க யாங்கோன்ல இந்த வேலை செய்யிறவங்க சில பேருதான். கிட், பெயின்ட் எல்லாம் பாங்காக், சிங்கப்பூர்ல இருந்து யாராவது சொந்தக்காரங்க வர்றப்ப பையில போட்டுக் கொண்டாரணும். கரண்ட் எப்ப இருக்கும்னு தெரியாது, கம்ப்ரசர் ஓடாது, அதனால ஏர்பிரஷ் இருந்தும் பாதி வேலை பிரஷ்லதான். மழைக்காலத்துல லாக்கர் கோட் அடிச்சா ஈரத்துல வெள்ளை பூத்துடும், அரிசி டப்பாவுல சிலிக்கா பாக்கெட் போட்டு மூடி வச்சுத்தான் காய வைக்கிறோம். கயிறு, ஏரியல் (ரேடியோ கம்பி) எல்லாத்துக்கும் கிட் சட்டத்துத் துண்ட மெழுகுவத்திச் சூட்டுல காட்டி இளகுனதும் ரெண்டு கையாலயும் இழுத்தா தலைமுடி மாதிரி இழை வரும், அதுக்குக் காசும் இல்ல கரண்டும் வேணாம். அண்ணன் மகன் ஒருத்தன் இந்த வருஷம் எங்ககூட உக்காந்து பழகுறான், அவன் கேக்குற முதல் கேள்வியே "சித்தப்பா, இது எந்த மாசம்?"

அதனால உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்க, "ரங்கூன்"ங்கிற பேர எடுத்துட்டு ஐரோப்பா பக்கம் பறந்த சீஃபயர்னு போட்டாலே போதும், மாடல் செஞ்சவருக்கும் மரியாதை கெடாது. இன்னொண்ணு, உங்க வாசகர்கள் வீட்டுல தாத்தாவோ பெரியப்பாவோ ராயல் இந்தியன் நேவியில இருந்திருந்தா, பழைய ஆல்பத்துல கப்பல் டெக்ல கூட்டமா நின்னு எடுத்த படம் இருக்கும். ஆளுங்க முகம் வீட்டுக்காரங்களுக்கு. எங்களுக்கு அவங்க முதுகுக்குப் பின்னால தெரியிற கம்பி வேலி, பீரங்கிக் கவசம், மாஸ்ட்டோட அடிப்பாகம், இதெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது, அதுவும் கப்பலோட பின்பக்கம் தெரியிற படம்னா சொல்லவே வேணாம். வீடு காலி பண்றப்ப அந்த ஆல்பத்த பழைய பேப்பர்கூட சேத்துப் போட்டுறாதீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. முடிஞ்சா ஸ்கேன் பண்ணி உங்க ஆபீசுக்கு அனுப்பச் சொல்லுங்க, படத்தோட பின்பக்கத்தையும் சேத்து ஸ்கேன் பண்ணணும், கப்பல் பேரு, துறைமுகம், தேதி எல்லாம் பெரும்பாலும் அங்கதான் பேனாவுல எழுதியிருப்பாங்க.

இப்படிக்கு
உங்க வாசகர் ஒருத்தர்,
திங்கன்ஜூன், யாங்கோன்