சாலையோரக் கற்பாலத்தில் ஜியோகேச்சிங் தடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நெடுஞ்சாலையை நேராக்கியபோது ஒதுங்கிப்போன பழைய கற்பாலமும், அதன் முகப்பில் நிற்கும் கல்வெட்டும் இன்று வண்டியில் விரைவோர் கண்ணில் படுவதே இல்லை. அவ்விடத்தில் ஜியோகேச்சிங், அதாவது மறைத்துவைத்த பெட்டியைச் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் ஜிபிஎஸ் துணையுடன் தேடிக் கண்டெடுக்கும் விளையாட்டுக்கான தடம் ஒன்றை அமைத்து, நின்று பார்ப்பவர்களை வரவழைக்க எங்கள் குழு முடிவு செய்துள்ளது. அதற்கு உங்கள் பொருளுதவியை நாடியே இவ்வேண்டுகோளை விடுக்கிறோம்.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமான அறிமுகம்: ஜிபிஎஸ் சமிக்ஞைகளில் பொதுப் பயனாளர்களுக்கென வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். சில நாட்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் முறை அதுவேதான்: பெட்டியைக் கண்டெடுப்பவர் உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும்.

பாலத்தின் கல்லிடுக்கு ஒன்றில் சிறு டப்பாவைச் செருகிவிட்டால் செலவே இராதே என்று சிலர் கேட்டனர். அதை நாங்கள் உறுதியாக மறுத்துள்ளோம். திறந்தவெளியிலேயே கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். மரநிழலில் பிசகு இன்னும் கூடும். ஆகவே தேடி வருபவர் குறித்த புள்ளியோடு நில்லாமல் சுற்றிலும் உள்ள ஒவ்வொரு இடுக்கையும் துழாவுவார். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்துபோன கட்டுமானத்தில் ஒரு கல்லை அசைத்துப் பார்ப்பதும், அடுத்தவர் அதையே உருவிப் பார்ப்பதும் எங்கே போய் முடியும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எனவே பெட்டி பாலத்தை விட்டு நன்கு விலகியே இருக்கும். அறிவிக்கப்படும் முதல் புள்ளி வண்டி நிறுத்துமிடத்தையும், அடுத்தது கல்வெட்டையும் காட்டும். கல்வெட்டில் உள்ள ஆண்டின் இலக்கங்களையும் பாலத்தின் வளைவுகளின் எண்ணிக்கையையும் கொண்டு கணக்கிட்டால்தான் பெட்டியின் இடம் தெரியவரும். கல்வெட்டைப் படிக்காமல் எவரும் பெட்டியை அடைய முடியாது என்பதே இவ்வமைப்பின் பயன். மங்கிய எழுத்துகளைப் படிக்கச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும், பாசியைச் சுரண்டுவதும் கல்லைக் கெடுக்கும். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் துலங்கும். இக்குறிப்பு தகவல் பலகையிலும் இடம்பெறும்.

நன்கொடையில் பெரும்பங்கு பெட்டிக்குச் செல்லாது. வண்டிகள் சாலையை விட்டு இறங்கி ஆபத்தின்றி நிற்பதற்கான இடத்தைச் சமன்படுத்துவதே முதற்செலவு. அது முடியாமல் புள்ளிகளை வெளியிட மாட்டோம். தகவல் பலகை, புதர் நீக்கி நடைபாதை அமைத்தல், நீர்புகாத பெட்டி, ஈரம் தாங்கும் தாளாலான குறிப்பேடு ஆகியன அடுத்து வருவன. எஞ்சும் தொகை பராமரிப்புக்கென ஒதுக்கப்படும். வைத்தவரே மறந்துவிட்ட பெட்டி வெறும் குப்பைதான் என்பது எங்கள் கருத்து.

நில உரிமையாளரிடமும் சாலை நிர்வாகத்திடமும் எழுத்துப்பூர்வ அனுமதி கிடைத்த பின்னரே பணி தொடங்கும். அனுமதி மறுக்கப்பட்டால் பெற்ற தொகை அனைத்தும் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தரப்படும். நன்கொடையைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வரவு செலவுக் கணக்கு, பணி முடிந்ததும் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைக்கப்படும். பணமாகத் தர இயலாதவர்கள் புதர் நீக்கும் நாளில் உடலுழைப்பாகவோ, பலகைக்கான மரமாகவோ, வரைபடம் தீட்டித் தந்தோ உதவலாம். அவையும் நன்கொடையாகவே கணக்கில் பதியப்படும்.

இப்படிக்கு,
தட அமைப்புக் குழுவினர்