பெயரை இப்போதே சரிபாருங்கள்

ஆசிரியருக்கு,

ராயபுரம், பெரம்பூர் ஆலயங்களில் ஞாயிறு பூசைக்கு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு மனைவியின் கைபிடித்து வரும் எண்பது கடந்த முன்னாள் படைவீரர்கள் பலர். வாழ்நாளெல்லாம் குடும்பத்துக்கே உழைத்தவர்கள். அவர்கள் காலமானபின் மனைவியின் குடும்ப ஓய்வூதியம் சிக்குவது அடிக்கடி பெயரில்தான். ஓய்வூதிய ஆணையில் 'மேரி', ஆதாரில் 'மரியம்மாள்'! மனைவியின் பிறந்த தேதி பதிவாகாவிட்டால், 80 வயதில் சேரவேண்டிய 20 சதவீதக் கூடுதல் தொகையும் (85-ல் 30, 90-ல் 40) தள்ளிப்போகும். படைவீரர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கையெழுத்திலேயே, ஆலயத் திருமணப் பதிவேட்டின் நகலை இணைத்து, அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்திவிடுங்கள். பிறகு அந்த அம்மாள் தனியாக அலைவது கொடுமை. இறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். சான்றிதழில் தலைப்பெழுத்துகூட மாறக் கூடாது.

– முன்னாள் படைவீரர் குடும்பத்தினர், ராயபுரம், சென்னை-13