குடிநீர் நிதி: இயந்திரத்துக்கு முன் ஆய்வறிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் அரசு நிதியிலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலும் அமைத்த, தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. நிலையங்கள் பல, திறப்பு விழாக் கல்வெட்டோடு பூட்டிக் கிடக்கின்றன. இயந்திரம் மட்டம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு விண்ணப்பத்தாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. தண்ணீரில் என்ன குறை என்று பார்க்காமல் நிதி கேட்கிறார்கள். வாங்கப் பணம் கேட்கிறார்கள், ஓட்டப் பணம் கேட்பதில்லை.

நம் பக்கம் தண்ணீரின் குறை ஊருக்கு ஊர் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் பாலாற்றை ஒட்டிய பல ஊர்களில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்டது. அணைக்கட்டு ஒன்றியத்து மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டில் கதை வேறு. ஊற்றையும் திறந்த கிணற்றையும் நம்பியிருக்கும் சிற்றூர்களில் மழை பெய்தால் கலங்கலும் மலக்கிருமியும் சேர்வதுதான் முதல் கவலை. அங்கே ஆர்.ஓ. வைப்பது வீண். ஊற்றுக்கண்ணை மூடிய ஒரு சிமென்ட் தொட்டி, மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் திருப்பிவிட ஒரு கால்வாய், மணல் வடிகட்டி, பிறகு குளோரின். செலவும் குறைவு, கரண்ட் போனாலும் தண்ணீர் வரும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கள ஆய்வுப் பெட்டி தர ஏற்பாடு இருக்கிறது. கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், மீதமுள்ள குளோரின் ஆகியவற்றை அது காட்டும். தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியத்தைப் பொதுவாகக் காட்டாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 படி லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். காய்ச்சினாலும் போகாது. ஆகவே சிப்காட் தொழிற்பேட்டை, தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய ஊர்கள் ஆய்வகத்தில் உலோகச் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உலோகத்துக்கு அமிலம் சேர்த்த பிளாஸ்டிக் பாட்டில், கிருமிக்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டில், இரண்டையும் ஆய்வகமே தரும். கிருமி மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். மழைக்குப் பிறகு ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை எடுத்தால்தான் உண்மை தெரியும்.

ஆய்வில் உப்புதான் குறை என்று தெரிந்து ஆர்.ஓ. தேவைப்பட்டால், அதற்கும் கணக்கு உண்டு. 300 குடும்பத்துக்கு நாளுக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்றால் 6,000 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் தரும் நிலையம் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். பாதிக்குப் பாதி கழிவாகப் போவதால் போர்வெல் 12,000 லிட்டர் கொடுத்தாக வேண்டும். சித்திரை, வைகாசியில் கொடுக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உள்ள தண்ணீர் உள்ளே போனால், கழிவு 3,000-ஐ நெருங்கி வெளியே வரும். அதைப் போர்வெல் பக்கத்துக் குழியில் விட்டால் சுற்றி வந்து அதே போர்வெல்லைத்தான் கெடுக்கும். பொதுக் கழிப்பறைக்கோ, தரை கழுவவோ குழாய் போட்டுக் கொண்டுபோக வேண்டும். குரோமியம் உள்ள ஊரில் அந்தக் கழிவில் குரோமியமும் இரட்டிப்பாகும். அங்கே ஆர்.ஓ.வுக்குச் செலவழிப்பதைவிட, காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயை ஊருக்குள் இழுக்கவே நிதி கேட்பது நல்லது.

ஆர்.ஓ.வில் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேன் ஏன் சாகிறது? காரணம் இரண்டு. ஒன்று, உப்புப் படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்து. மேலே சொன்ன நிலையத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒன்றரை கிலோதான் ஆகும். அந்தச் சிறு கேன் காலியாகி யாரும் வாங்காமல் விட்டால், நான்கு மெம்பரேனும் சுண்ணாம்பு பிடித்து அடைத்துக்கொள்ளும். இரண்டாவது, குளோரின் கலந்த மேல்நிலைத் தொட்டியிலிருந்தே ஆர்.ஓ.வுக்கு இணைப்புக் கொடுப்பது. கார்பன் வடிகட்டி தீர்ந்துபோன அன்று குளோரின் நேரே மெம்பரேனில் ஏறி அதை அரித்துவிடும். தண்ணீர் வரத்து குறையாது, ஆனால் உப்பு குறையாமல் வெளியே வரும். நாள்தோறும் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதாத ஊரில் இது தெரியவே தெரியாது. போர்வெல்லிலிருந்து நேரடி இணைப்புக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆர்.ஓ. வந்த ஊரில் பழைய மேல்நிலைத் தொட்டியைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. சமையலுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீர்தான். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்துத் திறக்க வேண்டும். கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்பதே சோதனை. ஈரத்தில் திறந்து கிடந்த பவுடர் மூட்டையில் குளோரின் போய்விடும், மிஞ்சுவது வெறும் சுண்ணாம்புதான்.

நிதி தரும் நிறுவனங்களுக்கு ஒன்று. மார்ச்சில் கணக்கு முடிந்துவிடும், பராமரிப்புக்குத் தர வழியில்லை என்று சொல்கிறார்கள். அது சரியல்ல. சமூகப் பொறுப்பு நிதி பற்றிய கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன் விதிகள் தொடர் திட்டங்களுக்கு இடம் தருகின்றன. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுவரை நீட்டிக்கலாம். ஆகவே ஆபரேட்டர் சம்பளம், வடிகட்டி, மருந்து, ஒரு முறை மெம்பரேன் மாற்றுவது ஆகியவற்றை முதல் மதிப்பீட்டிலேயே எழுதலாம். அதன்பின் கேனுக்கு 5 ரூபாய் வசூலித்தாலே, மேலே சொன்ன 300-இல் பாதிக் குடும்பங்கள் நாளும் எடுத்தாலும் மாதம் 22,500 ரூபாய் சேரும். அது குடிநீர்க் குழுவின் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்.

ஊராட்சிகளும் தங்கள் பணத்தை மறக்க வேண்டாம். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அது எதற்குச் செலவானது என்று கிராம சபையில் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. மாவட்ட நிர்வாகத்திடம் எங்கள் கோரிக்கை இதுதான்: ஆய்வறிக்கை, கோடையில் போர்வெல் தரும் தண்ணீரின் அளவு, கழிவுநீர் போகும் இடம், ஐந்தாண்டுச் செலவுக் கணக்கு ஆகிய நான்கும் இணைக்காத எந்தக் குடிநீர் விண்ணப்பத்துக்கும் அனுமதி தராதீர்கள். ஏற்கெனவே பூட்டிக் கிடப்பவற்றில் மெம்பரேன் மட்டும் மாற்றினால் ஓடக்கூடியவை எவை என்று பட்டியல் எடுத்து, புதியவற்றுக்கு முன் அவற்றுக்கு நிதி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கிராமக் குடிநீர்ப் பணியில் உள்ள வாசகர்கள்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.