டுவாலாவுக்குப் புறப்படும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் மகன் காமரூனில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறைந்துவிட்டது என்பதையும், வரும் டிசம்பரில் நீ டுவாலாவுக்குப் போய் அவனோடு ஒரு மாதம் தங்கப் போகிறாய் என்பதையும் படித்தபோது, அரிசி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டு அதே ஊரில் நான் கழித்த ஆறு ஆண்டுகளும் கண்முன் வந்து நின்றன. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் வலி மட்டும் மழைக்காலம் தொடங்கியதும் கூடிவிட்டது. எதைக் கொண்டு போக வேண்டும், எதற்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நீ இரண்டே வரிகளில் கேட்டிருந்தாய். எனக்கு அந்த நாட்டின் மேல் இருக்கும் பற்று உனக்குத் தெரியும். ஆகையால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் காமரூனுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதே. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அறுபது வயதைக் கடந்த பிறகு முதன்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நீ இன்று நேற்று அறுபதைத் தாண்டியவன் அல்ல. எனவே உன் மருத்துவரிடம் எல்லா நோய்களையும் மருந்துகளையும் சொல்லி, அவர் சரி என்ற பிறகே போட்டுக்கொள். திரும்பி வரும்போதும் அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மலேரியாவை அதைவிடப் பெரிதாக எண்ண வேண்டும். அங்கே பெரும்பாலும் காண்பது மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. தடுப்பு மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடு, கொசுவலைக்குள் தூங்கு. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்.

இனி நான் உனக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்திக்கு வருகிறேன். அந்த நாட்டில் எந்தக் காரியமும் வணக்கத்துக்குப் பிறகுதான் தொடங்கும். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் தெருமுனையில் தக்காளி விற்ற ஓர் அம்மாளிடம், நம் ஊர்ப் பழக்கத்தில் நேராக விலை கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. நான்கு தக்காளிகளைக் கோபுரம் போல் அடுக்கிய சிறு குவியல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சரிசெய்தார். மறுபடியும் கேட்டேன். அவர் நிதானமாக, ஒவ்வொரு அசையையும் அழுத்தி, பிரெஞ்சில் வணக்கம் சொல்லும் "போன்ஷூர்" என்றார். நானும் போன்ஷூர் என்றேன். இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டார். நானும் அவரைக் கேட்டேன். அதன் பிறகே விலை சொன்னார், கூடவே இரண்டு தக்காளியும் சேர்த்துப் போட்டார். அந்த அம்மாளின் கடையில்தான் ஆறு ஆண்டும் காய்கறி வாங்கினேன். காவலர், ஓட்டுநர், அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் யாராக இருந்தாலும், அறைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் பொதுவாக வணங்கி, வீட்டார் நலம் கேட்டுவிட்டு உன் வேலையைச் சொல். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால் இருக்கட்டும். அதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரெஞ்சும் ஆங்கிலமும் நாடு முழுவதற்கும் ஆட்சிமொழிகள்; ஆனால் பத்து மாநிலங்களில் எட்டில் பிரெஞ்சும் இரண்டில் ஆங்கிலமுமே வழக்கில் ஓங்கியவை. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள். எல்லாவற்றுக்கும் நடுவே, ஆங்கிலத்தை அடியாகக் கொண்ட கலப்பு மொழியான பிட்ஜின். அந்தப் பிட்ஜினில் "அஷியா" என்றொரு சொல் உண்டு. சுமை தூக்கிப் போகிறவரைக் கண்டாலும், நோயுற்றவரைக் கண்டாலும், துக்க வீட்டில் நுழைந்தாலும் அதைச் சொல்வார்கள். உன் பாரம் எனக்குத் தெரிகிறது, மனத்தைத் தளரவிடாதே என்பது போன்ற பொருள். என் தந்தை இறந்த செய்தி வந்த அன்று அலுவலகத்தில் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு ஈடான ஒற்றைச் சொல்லை நம் மொழியில் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

நீ சைவ உணவுக்காரன் என்பதால் சாப்பாட்டைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்நாட்டின் பெயர் பெற்ற உணவான ந்தோலே, கசப்புக் கீரையை நிலக்கடலை விழுதோடு சேர்த்துச் சமைப்பது. ஆனால் அதில் இறைச்சியோ இறாலோ இல்லாமல் இராது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனும், பொடித்த இறால் கருவாடும் வந்துவிடும். பிட்ஜினில் அந்தக் கருவாட்டுக்கு ன்ஜாங்கா என்று பெயர். எனவே இறைச்சி, மீன், ன்ஜாங்கா மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல். உனக்கு உகந்தது கோக்கி. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெய் ஊற்றி நுரைக்க அடித்து, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பார்கள். இலையைப் பிரிக்கும்போது வரும் மணம் நம் வீட்டு இலைக் கொழுக்கட்டையை நினைவூட்டும். நிறம் மட்டும் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். அதோடு அவித்த வாழைக்காயைத் தருவார்கள். காலையில் தெருவோரத்தில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையும் வெந்த அவரை விதையும் கிடைக்கும். ஏழை பணக்காரர் எல்லோரும் நின்று சாப்பிடுவது அதைத்தான். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே.

ஊருக்குள் போய்வர மஞ்சள் நிற டாக்ஸி. சாலையோரம் நின்று, வேகம் குறைக்கும் வண்டியை நோக்கிப் போகும் இடத்தையும் கொடுக்கும் காசையும் உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் ஒலிப்பானை ஒரு முறை அழுத்தினால் ஏறிக்கொள்ளலாம். பேசாமல் போய்விட்டால் அவருக்கு அந்த வழி இல்லை என்று பொருள். வழியில் பலரும் ஏறுவார்கள். வண்டி முழுவதும் உனக்கே வேண்டுமென்றால் "டெப்போ" என்று சொல், விலை கூடும். சில்லறைக்கு எப்போதும் தட்டுப்பாடு என்பதால் நூறு, ஐந்நூறு ஃபிராங்குகளைத் தனியே சேர்த்து வை. மத்திய ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளுக்குப் பொதுவான அந்த ஃபிராங்கின் மதிப்பு, ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது; ஆகவே கையில் யூரோவாகக் கொண்டு போனால் மாற்றுவது எளிது. இரவில் ஊர்விட்டு ஊர் போகாதே. வெட்டிய மரங்களை ஏற்றிய கனரக வண்டிகள் வெளிச்சமில்லாமல் சாலையில் நின்றுகொண்டிருக்கும்.

புகைப்படத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வூரி ஆற்றின் முகத்துவாரத்தில் இறால் கூட்டத்தைக் கண்டு 'இறால்களின் ஆறு' என்று பெயரிட்டதிலிருந்துதான் நாட்டின் பெயரே வந்தது என்று கேள்விப்பட்டு, நான் அந்த ஆற்றையும் பாலத்தையும் கைப்பேசியில் படம் எடுத்தேன். சீருடை அணிந்த இருவர் வந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். தவறு என்னுடையதுதான், பாலம், துறைமுகம், விமான நிலையம், படைவீரர், அரசுக் கட்டடம் இவற்றைப் படம் எடுக்கலாகாது. அலுவலகத் தோழர் ஒருவர் வந்து, இருவரையும் கைகுலுக்கி, குடும்ப நலம் விசாரித்து, பிறகு பேச்சைத் தொடங்கி மாலைக்குள் அதை மீட்டுத் தந்தார். கடவுச்சீட்டின் சான்றளிக்கப்பட்ட நகல் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். சாலைச் சோதனைகள் அடிக்கடி உண்டு.

ஆங்கிலம் பேசும் வடமேற்கு, தென்மேற்கு மாநிலங்களுக்கு இப்போது போகாதே என்று எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மலையடிவாரத்து புவேயாவில் நான் கழித்த விடுமுறைகள் பல. 2016இல் அந்த மாநிலங்களுக்கும் அரசுக்கும் இடையே தொடங்கிய பூசலில் அங்குள்ள எளிய மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. திங்கட்கிழமை என்றால் ஊரே கதவடைத்துக் கிடக்கும் நிலை வந்தது. போக்கோ ஹராம் என்ற தீவிரவாத அமைப்பின் தாக்குதல் நடக்கும் வடகோடி மாநிலமும் வேண்டாம். கடல் பார்க்க வேண்டுமானால் கிரிபிக்குப் போ. லோபே ஆறு அருவியாக நேரே கடலில் விழுவதை அங்கே காணலாம்.

ஆனால் வாழ்நாள் முழுவதும் கல்வெட்டு எழுத்துகளோடு கழித்த நீ கட்டாயம் போக வேண்டிய ஊர் ஃபூம்பான். பாமுன் அரசின் தலைநகரமாக இருந்த ஊர் அது. பஃபூசாம் வழியாகப் பகலிலேயே போய்விடலாம். அங்கு ஆண்ட இப்ராகிம் ன்ஜோயா, 1896 வாக்கில் தன் மொழிக்கு எழுத்தைத் தானே உருவாக்கத் தொடங்கினார். பலகையில் ஒரு கையை வரைந்து, கழுவி, அந்த நீரைக் குடி என்று கனவில் கேட்டதாகவும், பிறகு குடிமக்களையே குறிகள் வரைந்து வரச் சொன்னதாகவும் சொல்வார்கள். சுமார் ஐந்நூறு படக்குறிகளில் தொடங்கியதை, பதினைந்து ஆண்டுகளுக்குள் படிப்படியாகச் சுருக்கி, எண்பது அசையெழுத்துகளாக ஆக்கினார். பல நூற்றாண்டுகளில் ஓர் எழுத்து அடையும் மாற்றத்தை ஒரே மனிதரின் ஆயுளில் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் உனக்கு அங்கே இருக்கும் வியப்பு. அந்த எழுத்தில் பள்ளிகள் நடந்தன. தன் மக்களின் வரலாற்றையும் அவர் எழுதுவித்தார். பிரெஞ்சு ஆட்சி பள்ளிகளை மூடி, அவரை ஊரைவிட்டு வெளியேற்றித் தலைநகர் யாவுண்டேவுக்கு அனுப்பியது. 1933இல் அங்கேயே இறந்தார். 1917இல் முடிந்த அவருடைய அரண்மனை இன்றும் நிற்கிறது. பக்கத்தில் சிலந்தியும் இருதலைப் பாம்பும் வடிவான அருங்காட்சியகமும் இருக்கிறது. 2009இல், கணினிகளில் உலக எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான ஒருங்குறியிலும் (யூனிகோட்) அந்த எழுத்து இடம்பெற்றது.

அரச குடும்பத்தாரைச் சந்திக்க நேர்ந்தால் நீயாகக் கையை நீட்டாதே. தொப்பியைக் கழற்றி, சற்றுக் குனிந்து நில். மேட்டுநிலம் என்பதால் டிசம்பர் இரவுகளில் குளிரும்; ஒரு கம்பளிச் சட்டை எடுத்துப் போ. தச்சரும் வார்ப்படக்காரரும் இருக்கும் தெருவில் அவசரப்படாமல் ஒரு நாள் நட. அங்கே அந்த எழுத்தை அறிந்த ஒருவர் கிடைத்தால், முதலில் நலம் கேட்டுவிட்டு, அதன் பிறகு நம் இருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வா. வட்டெழுத்தில் நீ எழுதிக் கொடுத்த என் பெயர் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதன் அருகில் வைத்துக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்