செண்டாயிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? இங்கே ஜப்பானில் குளிர் தொடங்கிவிட்டது. பொன்னி அரிசிதான் கிடைப்பதில்லை. இங்கத்து அரிசி ஒட்டும், அதுவும் பழகிவிட்டது. அம்மா கொடுத்த பருப்புப் பொடியைச் சிக்கனமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அங்கே என்னதான் ஆராய்ச்சி பண்றே?" என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் ஏதோ சொன்னேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது பஸ் ஓட்டும் உங்கள் தொழிலைச் சேர்ந்த விஷயம்.

இந்த ஊரில் 1987 ஜூலையில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அதை ஓட்டவும் நிறுத்தவும் ஹிட்டாச்சி கம்பெனிக்காரர்கள் ஃபஸ்ஸி முறையில் ஒரு கருவி செய்தார்கள். நேற்று என் எதிரே ஒரு பாட்டி இரண்டு கையிலும் பையோடு, எதையும் பிடிக்காமல் நின்றார். ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தாள்கூட ஆடவில்லை. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது.

வேகம் 'அதிகம்', 'குறைவு' என்று வெட்டிப் பிரிக்காமல், எந்த அளவுக்கு அதிகம் என்பதை 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண்ணாகச் சொல்லலாம் என்றார் லாட்ஃபி ஜாடே என்ற பேராசிரியர். அது 1965-ல். இதைத்தான் ஃபஸ்ஸி முறை என்கிறார்கள். கொடைக்கானல் ரூட்டில் டம்டம் பாறை தாண்டி இறங்கும்போது சீசன் கூட்டத்துக்கு ஒரு பிரேக், காலி வண்டிக்கு வேறு பிரேக் பிடிப்பீர்களே. பாதி கூட்டம் என்றால் இரண்டையும் கலந்து பிடிப்பீர்கள். தகாகி, சுகேனோ என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1985-ல் இதையே கணக்காக்கினார்கள். கோணல்மாணலாக நடந்துகொள்ளும் ஒரு இயந்திரத்தைப் பல எளிய சமன்பாடுகளாகப் பிரித்து, நிலைமைக்குத் தக்க விகிதத்தில் கலப்பது. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு கட்டுப்பாட்டு விதி எழுதி, அவற்றையும் அதே விகிதத்தில் கலக்கிறோம்.

சிக்கல் இனிமேல்தான். தனித்தனியாக எல்லாம் ஒழுங்காக இருக்கும், கலந்தால் தறிகெட்டுப் போகலாம். லியாபுனோவ் என்ற ரஷ்யர் 1892-லேயே ஒரு வழி காட்டியிருக்கிறார்: இயந்திரத்தின் ஆட்டத்தை அளக்க ஆற்றல் போன்ற ஒரு அளவை எடுத்து, அது குறைந்துகொண்டே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் துறையில் அந்த ஒரே அளவு எல்லாச் சமன்பாடுகளிலும் குறைய வேண்டும். அதோடு ஆட்களின் எடை மாறும், சக்கரம் தேயும். இந்த மாற்றங்கள் ஒரு எல்லைக்குள் இருக்கும்வரை வண்டி கட்டுக்குள் நிற்கும் என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். அப்படி ஓர் அளவு உண்டா என்று கம்ப்யூட்டர் தேடும். கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் வண்டி மோசம் என்று அர்த்தமில்லை, சோதனைதான் தேவைக்கு மேல் கறாராக இருக்கலாம். அந்தக் கறாரைத் தளர்த்தி, ஆனால் உத்தரவாதம் குறையாமல் பார்ப்பதுதான் என் வேலை. ஓடிப் பார்த்தேன், நன்றாக நின்றது என்று சொல்வது எனக்குப் போதாது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மழை நாளில், பாதி கூட்டத்தோடு இறங்கும்போது எந்த இடத்தில் கியரைக் குறைப்பீர்கள், எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? ஞாபகம் வருவதையெல்லாம் தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும். அம்மாவின் மூட்டுவலிக்குப் பெரிய டாக்டரிடமே காட்டுங்கள், தள்ளிப் போட வேண்டாம்.

உங்கள் மகள்,
செல்வி