ரயில் பேச்சை வீண் பேச்சு என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பயண நேரத்தை எப்படி உருப்படியாகக் கழிப்பது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. புத்தகம் படிக்கலாம், புது மொழி கற்கலாம் என்றெல்லாம் சொல்லியிருந்தீர்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது: கூட வருபவர்களோடு வெட்டி அரட்டை அடித்து நேரத்தைத் தொலைக்காமல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள் என்று. அந்த வரி என்னை விடவே இல்லை. மூன்று நாளாகப் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன், அப்புறம் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் வரும் தம்பி விஷயத்தை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். 1996இல் மும்பைக்கு வந்தேன். 2000இல் ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து புறநகர் டோம்பிவிலி டு சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) லோக்கல் ரயில்தான் என் வாழ்க்கை. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், சாயங்காலம் அதே அளவு. மழைக்காலத்தில் கணக்கே கிடையாது. நாங்கள் நாலு பேர். கும்பகோணத்துக்காரர் ஒருவர், விளாத்திகுளத்துக்காரர் ஒருவர், தாராவியிலேயே பிறந்து வளர்ந்து கல்யாணத்துக்குப் பிறகு டோம்பிவிலிக்கு வந்தவர் ஒருவர், நான். தாராவி நண்பரின் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம், ஆனாலும் இன்னும் அவர் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மும்பை லோக்கலில் போகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்காருவார், அதற்கு ஃபோர்த் சீட் என்று பேர். எங்களில் யாருக்காவது உட்கார இடம் கிடைத்தால் தாணே வரைக்கும்தான் அவருக்கு. தாணே வந்ததும் எழுந்து, நின்றுகொண்டிருந்தவருக்கு இடம் விட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. கால் வலி என்றால் மட்டும் விதிவிலக்கு. கும்பகோணத்துக்காரருக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு நாங்கள் அவரை எழுப்பியதே இல்லை.

உங்கள் பத்திரிகை எங்களிடம் ஒரு பிரதிதான் இருக்கும். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று. நெரிசலில் முழுத் தாளை விரிக்க முடியாது, நாலாக மடித்து முகத்துக்கு நேரே பிடித்துப் படிக்க வேண்டும், மடிப்பில் இருக்கும் வரி யாருக்கும் தெரியாது. "ஏதோ மழை நிவாரணம்னு போட்டிருக்கான், எவ்வளவுன்னு மடிப்புக்குள்ள போயிருச்சு" என்பார் விளாத்திகுளத்துக்காரர். ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள், அப்படியே ஊர் விஷயத்துக்குப் போகும், அங்கிருந்து வீட்டு விஷயத்துக்கு. 2022க்கு முன்பு ஃபாஸ்ட் வண்டிகள் பார்சிக் சுரங்கம் வழியாகப் போகும். 1916இல் திறந்த பழைய சுரங்கம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே போனதும் காது அடைக்கிற சத்தத்தில் பேச்சு நின்றுவிடும். வெளிச்சம் வந்ததும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடரும். இப்போது புதிய பாதை வந்து ஃபாஸ்ட் லோக்கல்கள் மும்ப்ரா, கல்வா வழியாகத்தான் போகின்றன, சுரங்கம் வெளியூர் வண்டிகளுக்கு. எனக்கு இன்னமும் அந்த இடம் வரும்போது பேச்சைக் கொஞ்சம் நிறுத்தத் தோன்றும்.

இந்தப் பேச்சில் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். முதலில் வேலையைச் சொல்கிறேன். 2000இல் முதல் கம்பெனியை விட்டபோது பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன், பென்ஷன் பங்கையும் சேர்த்து. அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. முதலாளி நமக்காகப் போடும் பங்கிலிருந்து நம் சம்பளத்தில் 8.33 சதவீத அளவு பென்ஷன் கணக்குக்குப் போகிறது, 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன், நடுவில் எடுத்துவிட்டால் அத்தனை வருஷமும் போச்சு என்பதெல்லாம் கும்பகோணத்துக்காரர் குர்லாவுக்கும் தாதருக்கும் நடுவில் நின்றுகொண்டு சொல்லித் தெரிந்ததுதான். 2007இல் நான் இரண்டாவது கம்பெனியை விட்டபோதும் பணத்தை எடுப்பதாகத்தான் இருந்தேன், மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. "எடுக்காதீங்க சார், படிவம் 13 போட்டு புதுக் கம்பெனி கணக்குக்கு மாத்துங்க, ஃபீஸுக்கு நான் தரேன்" என்றார். தந்தார். ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுத்தேன். வருகிற வருஷம் எனக்கு 58 ஆகிறது, பென்ஷன் வரும் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன் என்றால் அது அந்தப் பேச்சால்தான்.

ஊருக்குப் போகிற விஷயம் பெரிய விஷயம். கல்யாணில் ஏறினால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். முன்பெல்லாம் 120 நாள் முன்பதிவு. ஜனவரி 12 ராத்திரி கிளம்பும் வண்டி என்றால் செப்டம்பர் 14 காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான், அதனால் அதே வண்டிக்கு நவம்பர் 13. ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் நம் கணக்கும் ஆதார் சரிபார்த்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பதிவு திறக்கிற நேரத்தில் அதில் டிக்கெட் எடுக்க முடியாது. இதை மறந்துவிட்டு மூன்று நாள் கழித்து டிக்கெட் தேடி, வெயிட்டிங் லிஸ்ட் பார்த்து, கடைசியில் தாயைப் பார்க்காமலேயே பொங்கலைக் கழித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எங்கள் நாலு பேரில் இந்தக் கணக்கெல்லாம் தாராவி நண்பர்தான் வைத்திருப்பார். அவருக்கு ஊரில் இப்போது யாரும் இல்லை, அவர் போவதுமில்லை. ஆனாலும் "அண்ணாச்சி, நாளைக்குக் காலையில எட்டு மணி, மறந்துராதீங்க" என்று முதல் நாள் பைகுல்லா வரும்போது சொல்வார்.

வீட்டு விஷயத்தை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மா ஊரில் தனியாக இருந்த கடைசி இரண்டு வருஷம், சர்க்கரை ஏறி இறங்கி, ராத்திரி எந்த நேரம் போன் வரும் என்று தெரியாமல் இருந்தபோது, அதை நான் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. மனைவி கவலைப்படுவாள். ரயிலில் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை. விளாத்திகுளத்துக்காரர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

2005 ஜூலை 26 மழை உங்கள் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். வண்டிகள் நின்றுவிட்டன, போன் எதுவும் கிடைக்கவில்லை. சி.எஸ்.எம்.டி.யில் எங்கள் வழக்கமான இடத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, நாலு பேரும் சேர்ந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தோம். மாட்டுங்காவில் கும்பகோணத்துக்காரரின் அத்தை வீடு. ஒரே அறை. மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் போட்டு, பாயும் கொடுத்து, எங்கள் ஈரச் சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைத்துத் தந்தார் அந்த அம்மா.

கொரோனாவுக்குப் பிறகு இது குறைந்துவிட்டது, மறைக்க வேண்டியதில்லை. விளாத்திகுளத்துக்காரர் ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டார். கும்பகோணத்துக்காரரும் ஓய்வு பெற்றாயிற்று, தெரிந்தவர் ஒருவர் அலுவலகத்தில் கணக்கு பார்க்க வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் காலை வணக்கம், பூ, சாமி படம் வருகிறது, பேச்சு வருவதில்லை. ஒரே ஒரு நாள்தான் அந்தக் குழு முழுசாக விழித்துக்கொண்டது. 2025 ஜூன் 9 காலையில் மும்ப்ரா பக்கத்தில் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் கீழே விழுந்து உயிர் போன அன்று. "இறங்கிட்டீங்களா", "எந்த வண்டி", "போனை எடுங்க" என்று விளாத்திகுளத்திலிருந்து அவர் பதினோரு முறை அனுப்பியிருந்தார். நான் அதற்கு முந்தின வண்டியில் போய்ச் சேர்ந்து, போனைப் பையில் வைத்துவிட்டு வேலையில் இருந்தேன். பார்த்ததும் உடனே கூப்பிட்டேன், இரண்டு பேராலும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

இப்போது அந்தத் தம்பி. ஆகஸ்ட் மாதம், காலை வண்டி. வாசலுக்கு உள்பக்கம் ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டு இட்லி சாப்பிட்டேம்மா, சட்னி நல்லா இருந்துச்சு." அவன் கையில் பாதி பார்லே-ஜி பாக்கெட் இருந்தது. கும்பகோணத்துக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். போனை வைத்ததும் "எந்த ஊரு தம்பி?" என்றேன். அருப்புக்கோட்டை. வந்து பதினெட்டு நாள். தமிழில் ஒருவர் நேரில் பேசுவது அதுதான் முதல் தடவை என்றான்.

அன்று சாயங்காலம் ஒரு புரோக்கரிடம் நாற்பதாயிரம் ரூபாய் டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுக்கப் போவதாக இருந்தான், அப்பா நகையை அடகு வைத்து அனுப்பிய பணம். அக்ரிமென்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தம், அதாவது இங்கே சொல்கிற லீவ் அண்ட் லைசென்ஸ், பதினோரு மாதத்துக்குப் போட்டாலும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்த தாள் இல்லாமல் டெபாசிட் கொடுக்கக் கூடாது, டெபாசிட்டை வீட்டுச் சொந்தக்காரர் கணக்குக்கு வங்கி மூலமாகத்தான் அனுப்ப வேண்டும், புரோக்கருக்கு வழக்கம் ஒரு மாத வாடகை, அதையும் அக்ரிமென்ட் முடிந்த பிறகு. இவ்வளவும் தாணே வருவதற்குள் சொல்லிவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை தாராவி நண்பர் அவனைக் கூட்டிக்கொண்டு தாக்குர்லியில் நாலு வீடு பார்த்து, ஐந்தாவதில் இரண்டு பையன்களோடு சேர்ந்து தங்க இடம் பிடித்துக் கொடுத்தார். முன்னால் சொன்ன புரோக்கர் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லையாம்.

ஐயா, நாங்கள் காதில் ஹெட்போனை மாட்டியிருந்தால் அந்த இட்லிப் பொய் எங்கள் காதில் விழுந்திருக்காது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பி.எஃப். விதியும் வாடகை விதியும் இணையத்தில் இருக்கின்றன, அவனிடமும் போன் இருந்தது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் அந்தக் காலத்தில் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாததை யாரிடமாவது சொல்ல வேண்டும், அந்த யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரு காதையாவது திறந்து வையுங்கள் என்கிறேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பொங்கல், தீபாவளி, சித்திரை மாதங்களில் தெற்கே போகும் வண்டிகளுக்கு முன்பதிவு திறக்கும் தேதியை ஒரு வாரம் முன்பே முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள், எல்லோருக்கும் ஒரு தாராவி நண்பர் இருக்கமாட்டார். இன்னொன்று, ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் யாராவது டோம்பிவிலி, தாக்குர்லி, கல்யாண் பக்கம் இருந்தால் இந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் படட்டும். காலை எட்டேகாலுக்கு மேல் டோம்பிவிலியில் கல்யாண் பக்கப் பாலத்துக்குக் கீழே நாங்கள் நிற்போம். கையில் உங்கள் பத்திரிகை இருக்கும், நாலாக மடித்தது. அருப்புக்கோட்டைத் தம்பியும் இருப்பான், நவம்பர் 13 காலையில் அவனுக்கு டிக்கெட் போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
டோம்பிவிலி கிழக்கு